எட்டுக்கு ஒன்று

ஜூரி ஆண்ட காலம் – பகுதி 11

கடந்த வாரம் 1908 ஜூலையில், பம்பாய் ஐகோர்ட்டில் நிறுத்தியிருந்தோம். ஏழு ஐரோப்பியர்களும் இரண்டு பார்சிகளும் அடங்கிய ஜூரி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் பால கங்காதர திலகரை ராஜத்துரோகக் குற்றவாளி என்றது. நீதிபதி தாவர் ஆறு ஆண்டு நாடுகடத்தல் விதித்தார். ஆண்டுக்கு ஒரு நாளாக, பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. நகரம் அவரை அவ்வளவு நேசித்தது. ஆனால் தீர்ப்புச் சொன்ன ஒன்பது பேரில் நகரத்தின் குரல் இரண்டே இரண்டு.

அதற்கு 51 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பம்பாயில் இன்னொரு ஒன்பது பேர் ஜூரி ஆசனத்தில் உட்கார்ந்தார்கள். இந்த முறை நகரமே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கூண்டில் நின்றவரையும் நகரம் நேசித்தது.

ஒரு மத்தியானத்தில்

1959 ஏப்ரல் 27. கடற்படைக் கமாண்டர் கவாஸ் மானெக்‌ஷா நானாவதி, ஐ.என்.எஸ். மைசூர் போர்க்கப்பலில் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி. 1949இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சில்வியா என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர். மூன்று பிள்ளைகள். கப்பல் வேலை அவரை மாதக்கணக்கில் கடலில் வைத்திருந்தது. அன்று மத்தியானம், தனக்கும் பிரேம் அஹூஜா என்ற வியாபாரிக்கும் உறவு இருப்பதை மனைவி ஒப்புக்கொண்டார்.

இதற்குப் பிந்தைய மூன்று மணி நேரத்தைத்தான் மூன்று நீதிமன்றங்கள் நிமிடம் நிமிடமாக அலசின. நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றி மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டார். படம் முடியும்போது, ஆறு மணிக்கு, வந்து அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கிருந்து கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக அகமத்நகருக்குக் கார் ஓட்டிப் போகிறேன் என்று காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அதை ஒரு பழுப்பு நிறக் காகித உறைக்குள் வைத்தார். அஹூஜாவின் அலுவலகத்துக்குப் போனார், ஆள் இல்லை. செதல்வாத் சாலையில் இருந்த அவருடைய ஃபிளாட்டுக்குப் போனார். வேலைக்காரர் கதவைத் திறந்தார். நானாவதி நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார் அஹூஜா.

மூன்று வெடிச் சத்தம். நேரம் மாலை 4.20.

வெளியே வந்த நானாவதி ஓடி ஒளியவில்லை. கட்டடத்தின் காவலாளி தடுத்தபோது, தன் மனைவியோடு அஹூஜாவுக்கு உறவு இருந்தது, அதனால் கொன்றேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கடற்படைப் போலீஸ் அதிகாரி ஒருவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் சொன்னபடி போலீஸ் துணை கமிஷனர் ஜான் லோபோவிடம் போய்ச் சரணடைந்தார்.

கொன்றவர் யார் என்ற கேள்வியே இந்த வழக்கில் எழவில்லை. அது கொலையா, திடீர்க் கோபத்தில் நேர்ந்த மரணமா, விபத்தா என்பது ஒன்றுதான் கேள்வி.

கூண்டுக்கு வெளியே நடந்த விசாரணை

செப்டம்பர் 23 அன்று பம்பாய் செஷன்ஸ் கோர்ட்டில், நீதிபதி ஆர். பி. மேத்தா முன்பு விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பில் சி. எம். திரிவேதி. எதிர்த்தரப்பில் கார்ல் கண்டலவாலா. கலை விமர்சகராகவும் பெயர் பெற்றவர். அஹூஜாவின் சகோதரிக்காக வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த இளம் வக்கீலின் பெயர் ராம் ஜெத்மலானி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவில் கொலைக் குற்றச்சாட்டு. அது நிலைக்காவிட்டால் 304ஆம் பிரிவின் முதல் பகுதி, அதாவது கொலை என்ற அளவுக்குப் போகாத மரணம் விளைவித்தல். இரண்டும் ஜூரி முன்பு வைக்கப்பட்டன. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது.

எதிர்த்தரப்பின் கதை இது. நானாவதி உள்ளே போய், சில்வியாவை மணந்துகொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுவாயா என்று கேட்டார். உறவு வைத்துக்கொண்ட பெண்களையெல்லாம் மணந்துகொள்ள முடியுமா என்று அஹூஜா இழிவாகப் பதில் சொன்னார். உறையை நோக்கிக் கை நீட்டினார், கைகலப்பு, அதில் துப்பாக்கி வெடித்தது. அரசுத் தரப்பு இதற்குச் சொன்ன பதில்கள் எளியவை. கைகலப்பில் இரண்டு ஆண்கள் புரண்டிருந்தால் இறந்தவர் இடுப்பில் துண்டு அவிழாமல் எப்படி இருந்தது? ஒரு நிமிடம்கூட ஆகாத நேரத்தில் உரையாடலும் சண்டையும் மூன்று குண்டுகளும் எப்படி நடந்தன? சத்தம் கேட்டு ஓடிவந்த சகோதரியிடம், இது விபத்து என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? காவலாளியிடம் ஏன் வேறு மாதிரிச் சொன்னார்?

இவை நீதிமன்றத்துக்குள் நடந்தவை. வெளியே ஆர். கே. கரஞ்சியாவின் ‘பிளிட்ஸ்’ வார இதழ் தனியாக ஒரு விசாரணை நடத்தியது. அதில் நானாவதி நாட்டைக் காக்கும் வீரர், ஏமாற்றப்பட்ட நல்ல கணவர். அஹூஜா பணத்திமிர் பிடித்த, பெண்களைக் கெடுக்கும் உல்லாசி. 25 காசு இதழ் இரண்டு ரூபாய்க்குக் கைமாறியது என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். தெருவில் நானாவதி ரிவால்வர் என்று பொம்மைத் துப்பாக்கியும், அஹூஜா துண்டு என்று துண்டும் விற்றார்களாம். கோர்ட்டுக்கு நானாவதி வெள்ளைக் கடற்படைச் சீருடையில், மார்பில் பதக்கங்களோடு வந்தார். பார்சி சமூகம் அவர் பின்னால் நின்றது. சிந்தி சமூகம் அஹூஜா குடும்பத்தின் பின்னால் நின்றது. இறந்தவரால் சாட்சிக் கூண்டில் ஏறி, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றோ, அப்படிப்பட்டவனே ஆனாலும் அதற்குச் சாவு தண்டனையில்லை என்றோ சொல்ல முடியவில்லை. சில்வியா கணவருக்காகச் சாட்சி சொன்னார்.

அக்டோபர் 21

நீதிபதி மேத்தா ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லி முடித்தார். ஒன்பது பேரும் உள்ளே போனார்கள்.

திரும்பி வந்தபோது, எட்டுக்கு ஒன்று. கொலைக் குற்றச்சாட்டில் குற்றவாளி அல்ல. 304ஆம் பிரிவிலும் குற்றவாளி அல்ல.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து இன்றுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல் விடையைப் பற்றியது. எனக்கு இரண்டாவது விடைதான் முக்கியமாகப் படுகிறது. ஜூரிக்கு இந்த மனிதர் மேல் இரக்கம் வந்தது, தூக்கோ ஆயுள் தண்டனையோ அவருக்கு அதிகம் என்று தோன்றியது என்றால், அந்த இரக்கத்துக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருந்தது. 304இல் குற்றவாளி என்று சொல்லியிருக்கலாம். தண்டனை குறைந்திருக்கும், ஒருவர் உயிர் போனது குற்றமே என்பதும் பதிவாகியிருக்கும். அந்த வழி கண்முன் திறந்திருக்க, எட்டுப் பேரும் அதைத் தாண்டிப் போனார்கள். தண்டனை கூடுதல் என்று நினைத்தவர்களின் தீர்ப்பாக இதைப் படிக்க முடியவில்லை. இந்த மனிதர் மேல் எந்தக் கறையும் படக்கூடாது என்று நினைத்தவர்களின் தீர்ப்பாகவே படிக்க முடிகிறது.

இரண்டு விதமான மறுப்பு

இத்தொடரின் முதல் பகுதிகளில் 1670ஆம் ஆண்டு லண்டன் வழக்கைப் பார்த்தோம். தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு குவேக்கர்களைத் தண்டிக்க மறுத்தது ஜூரி. ஜூரர்களைப் பட்டினி போட்டுப் பூட்டிவைத்தார்கள், அபராதம் போட்டார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் சிறையிலிருந்து வழக்காடி, தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்ற விதியைத் தலைமை நீதிபதி வாகனிடமிருந்து பெற்றார். சட்டப்படி குற்றம் நிரூபணமானாலும் மனச்சாட்சி ஒப்பாவிட்டால் விடுதலை சொல்லலாம் என்ற ஜூரியின் பலம் அங்கிருந்து வளர்ந்தது. பிறகு அதே இங்கிலாந்தில், வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் திருடினால் தூக்கு என்று சட்டம் இருந்த காலத்தில், ஜூரர்கள் திருட்டுப்போன பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று குறைத்துச் சொல்லிப் பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். நீதிபதிகளே கண்டும் காணாமல் இருந்தார்கள்.

இந்த இரண்டையும் 1959ஆம் ஆண்டுத் தீர்ப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 39 ஷில்லிங் சொன்ன ஜூரர்களுக்குத் திருடனைப் பிடித்திருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவன் அழகனா, குடிகாரனா, யார் வீட்டுப் பிள்ளை என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். திருட்டுக்கு உயிரை எடுப்பது தகாது என்றார்கள். அடுத்த வாரம் கூண்டில் ஏறும் அடுத்த திருடனுக்கும் அதே சலுகை கிடைக்க வாய்ப்பிருந்தது. திருடவில்லை என்றும் சொல்லவில்லை. குற்றத்தை ஏற்று, தண்டனையை மட்டும் மறுத்தார்கள். பென், மீட் வழக்கிலும் மறுக்கப்பட்டது ஒரு சட்டம். பிரார்த்தனையைக் கலகம் என்று அழைத்த சட்டம்.

நானாவதி வழக்கில் மறுக்கப்பட்ட சட்டம் எது? கொலை குற்றம் என்ற சட்டத்தை அந்த எட்டுப் பேரும் எதிர்த்தார்களா? பிளிட்ஸ் எதிர்த்ததா? இல்லை. திடீர்க் கோபத்துக்குச் சட்டம் கொடுத்திருந்த விலக்கு போதாது என்று யாரும் வாதிடவுமில்லை. வேறொருவர், பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவர், தன் மனைவியோடு உறவு வைத்திருந்தவரை மூன்று மணி நேரம் கழித்து ஆயுதம் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கொன்றிருந்தால் அந்த எட்டுப் பேர் என்ன சொல்லியிருப்பார்கள்? அல்லது அஹூஜா கடற்படை அதிகாரியாகவும் நானாவதி கார் வியாபாரியாகவும் இருந்திருந்தால்? பெயரையும் சீருடையையும் மாற்றிப் போட்டதும் தீர்ப்பு மாறுமானால், அங்கே வேலை செய்தது மனச்சாட்சி என்று சொல்ல முடியாது. ஜூரியின் இந்த அதிகாரம் எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்று பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: அந்த விடுதலை, அதே நிலையில் வரும் அடுத்த மனிதருக்கும் உரியதா?

இந்த அளவுகோலில் வைத்தால் பம்பாய்த் தீர்ப்பு 1670க்குப் பக்கத்தில் நிற்கவில்லை. தனக்கு நான்கே ஆண்டு முந்தைய ஒரு வழக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில், வெள்ளையர்கள் மட்டுமே அடங்கிய ஜூரி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரண்டு வெள்ளையர்களை விடுவித்தது. சில மாதம் கழித்து அவர்களே ஒரு பத்திரிகைக்குக் கொலையை ஒப்புக்கொண்டு பேட்டி கொடுத்தார்கள். நானாவதியை அந்தக் கொடியவர்களோடு சேர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் சரணடைந்தவர், இன வெறியும் இங்கே இல்லை. ஆனால் இரண்டு ஜூரிகளும் எடுத்த முடிவின் அமைப்பு ஒன்றுதான். கூண்டில் நிற்பவர் நம்மவர். இறந்தவர் நம்மவர் அல்ல. பென், மீட் வழக்கில் அரசாங்கத்துக்கு எதிராகத் தனிமனிதர்களைக் காப்பாற்றினார்கள். இங்கே, தனக்காகப் பேச முடியாமல் இறந்துபோன ஒருவருக்கு எதிராக இன்னொருவரைக் காப்பாற்றினார்கள்.

எதிர்த்துச் சொல்லக்கூடியவை

இது விபரீதமான குற்றச்சாட்டு என்று சிலர் சொல்வார்கள். ஜூரி சட்டத்தை ஒதுக்கியது என்று எப்படித் தெரியும்? விபத்து என்ற கதையை அவர்கள் உண்மையிலேயே நம்பியிருக்கலாமே? இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. வழக்கு மேலே போனபோது, நீதிபதி மேத்தா ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியதிலேயே பிழைகள் இருந்ததாக ஐகோர்ட் கண்டது. சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. விபத்து என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரிக்கு உண்டு என்பதையே அவர் சரியாகச் சொல்லவில்லை. தவறாக வழிகாட்டப்பட்ட ஜூரி தவறான இடத்துக்குப் போனதை அதன் மனச்சாய்வு என்று சொல்வது சரியா?

பதில் ஒன்று இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி கால்வென், ஹான்ஸ் சைசல் என்ற இருவர் 3,576 ஜூரி விசாரணைகளைப் பற்றி அவற்றை நடத்திய நீதிபதிகளிடமே கேட்டு, 1966இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் வழக்குகளில் ஜூரியும் நீதிபதியும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். வேறுபட்ட இடங்களில் பெரும்பாலும் ஜூரியே இளகியது. கூண்டில் நிற்பவர் மேல் பரிவு ஏற்பட்டதும் ஒரு காரணமாக இருந்தது. ஆனால் பரிவு பெரும்பாலும் தனியாக வரவில்லை. சாட்சியத்தில் சந்தேகத்துக்கு ஒரு சிறு இடைவெளி இருந்தால், பரிவு அதற்குள் புகுந்து அதை அகலப்படுத்தியது என்பது அவர்கள் கண்டது. ஜூரர் தன்னை ஏமாற்றிக்கொள்வதுகூடத் தெரியாமல், பிடித்த மனிதரின் கதையை நம்புவதற்குக் காரணங்களைக் கண்டுபிடித்துவிடுகிறார். மேத்தாவின் பிழையான விளக்கம் பம்பாயில் அந்த இடைவெளியைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். துண்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை. காவலாளியின் வாக்குமூலத்துக்குப் பதில் இல்லை. இருந்தும் எட்டுப் பேர் விபத்தை நம்பினார்கள் என்றால், நம்ப விரும்பினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். இதை நிரூபிக்க முடியாது என்பது உண்மை. ஜூரி காரணம் சொல்வதில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் மனச்சாட்சி இருந்தாலும் மயக்கம் இருந்தாலும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு எதிர்ப்பு, முன்னதைவிட வலுவானது. ஜூரர்கள் மட்டும்தானா ஆளைப் பார்த்து மயங்குகிறார்கள்? நீதிபதிகளும் மனிதர்கள்தானே?

அதற்கான விடை இந்த வழக்கின் அடுத்த ஐந்து ஆண்டுகளில் இருக்கிறது.

காரணம் எழுத வேண்டியவர்களும் வேண்டாதவர்களும்

இங்கிலாந்தில் ஜூரி விடுதலை என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இந்தியாவில் 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு, ஜூரியின் முடிவை ஏற்க முடியாத செஷன்ஸ் நீதிபதி வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்ப இடம் கொடுத்திருந்தது. புஷெல் சிறையிருந்து வாங்கிய சுதந்திரத்தை நம் ஜூரர்களுக்கு வெள்ளை அரசு முழுதாகக் கொடுக்கவில்லை. அந்த அவநம்பிக்கையை இத்தொடர் முன்பு கண்டித்திருக்கிறது. ஆனால் அன்று அந்தப் பிரிவுதான் இறந்தவருக்கு இன்னொரு விசாரணையைப் பெற்றுத் தந்தது. சாட்சியத்தைப் பார்த்த அறிவுள்ள எவரும் இந்த முடிவுக்கு வர முடியாது என்று சொல்லி மேத்தா வழக்கை அனுப்பினார்.

1960 மார்ச் 11 அன்று ஐகோர்ட் நீதிபதிகள் ஷேலத்தும் நாயக்கும் நானாவதியைக் கொலைக் குற்றவாளி என்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1961 நவம்பர் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய தீர்ப்பு அதை உறுதி செய்தது. மத்தியானம் 1.30க்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவர் 4.20க்குச் சுட்டார், தன்னைத் தானே அடக்கிக்கொள்ள இவ்வளவு நேரம் போதும், தியேட்டரில் பிள்ளைகளை விட்டதும், பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கியதும் திட்டமிட்டு நடந்துகொண்ட ஒருவரைக் காட்டுகின்றன என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பிலும் ஒரு வரையறை இருக்கிறது: திடீர்க் கோபத்தை அளக்கும்போது, எதிரியின் சமூக வகுப்பைச் சேர்ந்த ஒரு சாதாரண மனிதர் அந்நிலையில் எப்படி நடந்திருப்பார் என்று பார்க்க வேண்டும். ஆளின் தகுதியைச் சட்டமே ஓரளவு உள்ளே விடுகிறது. ஆனால் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. மறுத்து வாதிட முடியும்.

இப்போது இதே கதையின் மறுபக்கம். ஐகோர்ட் தண்டனை விதித்த அதே மார்ச் 11 அன்று, பம்பாய் கவர்னர் ஸ்ரீபிரகாசா ஓர் உத்தரவு போட்டார். சுப்ரீம் கோர்ட் அப்பீல் முடியும்வரை தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது. அதுவரை நானாவதி சாதாரணச் சிறைக்குப் போக வேண்டாம், ஐ.என்.எஸ். குஞ்சாலியில் கடற்படைக் காவலில் இருக்கட்டும். 1952இல் ராஜாஜியை முதல்வராக்கிய சென்னை கவர்னராக நம் வாசகர்கள் அறிந்த அதே ஸ்ரீபிரகாசாதான். கைது வாரண்டு நிறைவேறாமலே திரும்பியது. அரசியல் சாசன அமர்வு 1960 செப்டம்பரில், ஐவரில் நால்வர் ஒப்ப, அப்பீல் கோர்ட் முன்பு இருக்கும்போது கவர்னர் இப்படித் தண்டனையை நிறுத்த முடியாது என்றது. கடைசியில் 1964இல் மகாராஷ்டிர கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு அளித்தார். அதே சமயம் இறக்குமதி லைசென்ஸ் வழக்கில் தண்டனை பெற்ற பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரிக்கும் மன்னிப்பு கிடைத்தது. ஒரு சமூகத்தின் கோபத்தை இன்னொரு மன்னிப்பால் ஆற்றியதாகவே அன்று பலரும் படித்தார்கள். நானாவதி குடும்பத்தோடு கனடா போனார். 2003இல் அங்கே காலமானார்.

இந்த வரிசையைப் பார்த்தால், மயங்கியவர்கள் படிக்காத ஜூரர்கள், மயங்காதவர்கள் படித்த நீதிபதிகள் என்ற எளிய கதை நிற்காது. பிடித்த மனிதருக்காக வளைந்தவர்களில் ஜூரர்களோடு கவர்னர்களும் உண்டு. ஸ்ரீபிரகாசாவும் விஜயலட்சுமி பண்டிட்டும் விடுதலைப் போராட்டத்தில் சிறை கண்டவர்கள். நேர்மையில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்ற நீதிபதிகள் இவர்களைவிட உணர்ச்சியற்றவர்கள் என்பதற்கு ஆதாரமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. நீதிபதிகள் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1.30க்கும் 4.20க்கும் இடையில் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே போகும் ஒருவரால், அவர் நல்லவர், ஆகவே விடுதலை என்று அடுத்த வரியை எழுத முடியாது. ஜூரி அறையிலும் கவர்னர் மாளிகையிலும் அந்தக் கட்டாயம் இல்லை.

அப்படியானால் ஜூரியையும் காரணம் எழுதச் சொல்லிவிடலாமா? இங்கேதான் என் வாதம் தன்னையே இடறுகிறது. 1670இல் அந்த ஜூரியிடம் காரணம் எழுதச் சொல்லியிருந்தால், சட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் இருந்த நிலையில் அவர்கள் என்ன எழுதியிருக்க முடியும்? எழுதிய காரணத்தையே பிடித்துக்கொண்டு மேல்நீதிமன்றம் தீர்ப்பைத் தூக்கி எறிந்திருக்கும். 39 ஷில்லிங் சொன்னவர்கள் காரணம் எழுதியிருந்தால் அந்தத் திருடர்கள் தூக்கில் தொங்கியிருப்பார்கள். கொடுஞ்சட்டத்தின் முன்னால் ஜூரியைக் காப்பாற்றியது அந்த மௌனம். அஹூஜாவின் உயிருக்கு விலை இல்லாமல் செய்ததும் அதே மௌனம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்க யாருக்கும் வழி தெரியவில்லை. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1895இல் எடுத்தது ஒரு நடுநிலை: ஜூரிக்கு அந்தப் பலம் உண்டு, ஆனால் உண்டு என்று அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. என் சாய்வு, அந்தப் பலத்தை அரசாங்கத்துக்கு எதிராகப் பேச்சுக்காகவோ நம்பிக்கைக்காகவோ ஒருவர் நிற்கும் வழக்குகளுக்கு விட்டுவைப்பதும், இறந்தவர் ஒருவர் நியாயம் கேட்கும் வழக்குகளில் மேல்முறையீட்டுக்கு இடம் கொடுப்பதும். திலகருக்கு ஒரு துணிந்த ஜூரி கிடைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, நானாவதிக்குக் கிடைத்த ஜூரியை எதிர்க்கவும் உரிமை உண்டு.

இந்தியா வேறு வழியில் போனது. நானாவதி வழக்கால்தான் நம் நாட்டில் ஜூரி ஒழிந்தது என்றும், அதுவே கடைசி ஜூரி விசாரணை என்றும் நூறு இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. எம். சி. செதல்வாத் தலைமையிலான சட்டக் கமிஷன் 1958இலேயே, அதாவது அஹூஜா உயிரோடு இருந்தபோதே, ஜூரியைக் கைவிடச் சொல்லிவிட்டது. சில இடங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டு ஜூரி நீடித்தது. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதை முற்றிலும் நீக்கியது. இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் ஒன்று உண்டு: பார்சிகளின் திருமண வழக்குகள். அந்தச் சமூகத்தவர்களே பிரதிநிதிகளாக உட்கார்ந்து அவற்றில் கருத்துச் சொல்கிறார்கள்.

ஆனால் சென்னையில்?

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக ஒரு வழக்கு நிற்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. அதற்காகப் பம்பாயை விட்டு, 14 ஆண்டு பின்னால் போக வேண்டும்.

1944 நவம்பர். சென்னை வேப்பேரி–புரசைவாக்கம் பகுதியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றிப் பிழைத்தவர். அஹூஜாவைவிட ஆதரவு குறைந்த மனிதர். கைதானவர்களில் இருவர் சினிமா நட்சத்திரங்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும். அப்போது பிராட்வே தியேட்டரில் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. கூண்டில் ஏறிய எவரையும் ஒரு மாகாணம் இந்த அளவு நேசித்திருக்காது. நானாவதிக்குப் பம்பாயில் இருந்த அத்தனையும் இவர்களுக்குப் பல மடங்கு இருந்தது. ஜூரர்களும் சென்னைக்காரர்கள்.

1945 மே 3 அன்று அந்த ஜூரி பெரும்பான்மையாகச் சொன்ன பதில், குற்றவாளிகள். இரண்டு ஆண்டு கழித்து, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் வந்த பிறகு, அந்தச் சாட்சியங்களை நம்ப முடியாது என்று ஐகோர்ட்டே அவர்களை விடுவித்தது.

பிடித்த மனிதருக்காக ஜூரி வளையும் என்றால், தமிழகமே கொண்டாடிய இருவருக்காக, அதுவும் சாட்சியம் ஓட்டையாக இருந்தபோது, அந்த ஜூரி ஏன் வளையவில்லை?

(தொடரும்)